கண் திறந்த பிறகு: பிறவிக் கண்புரையும் மூளை பார்க்கப் பழகும் விதமும்

65 வயதான ஒருவர் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தவுடன், எதிரே நிற்கும் மகளின் முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறார். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தேதியைப் படிக்கிறார். சில நாட்களில் யாருடைய துணையும் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்வருகிறார். அதே கண்புரையோடு பிறந்து, 12 வயது வரை வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும் பிரித்தறிந்து வந்த ஒரு சிறுமிக்கு அதே மருத்துவர் அதே அளவு துல்லியமாக அறுவை சிகிச்சை செய்தாலும், கட்டைப் பிரித்த காலையில் அவள் காண்பது வேறாக இருக்கிறது. நிறங்கள் தெரிகின்றன, அசைவு தெரிகிறது, ஆனால் எதிரே நிற்பது அம்மா என்பது அவர் பேசிய பிறகுதான் தெரிகிறது. இருவர் கண்ணிலும் நீக்கப்பட்டது ஒளியை மறைத்த கலங்கிய லென்ஸ்தான். அந்தக் கலக்கம் வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் வந்தது என்பது மட்டுமே வேறு. கண் மருத்துவம், மூளை ஆய்வு, தத்துவம் ஆகிய மூன்று துறைகளும் 300 ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த வேறுபாட்டின் முன்னால்தான்.

கண் செய்யும் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. கருவிழியும் லென்ஸும் ஒளியைக் குவித்து விழித்திரையில் ஒரு தலைகீழ்ப் பிம்பத்தை விழச் செய்கின்றன. விழித்திரையில் 10 கோடிக்கும் மேற்பட்ட ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகளே உள்ளன. அதாவது பிம்பம் விழித்திரையை விட்டுக் கிளம்பும் முன்பே வடிகட்டப்பட்டு, விளிம்புகளையும் ஒளி மாற்றங்களையும் குறிக்கும் சமிக்ஞைகளாகச் சுருக்கப்பட்டுவிடுகிறது. எந்த விளிம்பு எந்தப் பொருளுக்கு உரியது, ஒன்றின் பின்னால் மறைந்திருப்பது எது, அருகில் இருப்பது எது, தொலைவில் இருப்பது எது, கறுப்பாகத் தெரிவது பள்ளமா நிழலா என்பன போன்ற எதற்கும் விழித்திரையில் விடை கிடையாது. அவற்றையெல்லாம் பின்தலைப் பகுதியில் உள்ள பார்வைப் புறணியும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளுமே தீர்மானிக்கின்றன. 65 வயதுக்காரரின் மூளை இந்த வேலையைக் குழந்தைப் பருவத்திலேயே பழகி முடித்துவிட்டது. புரை அதை இடையில் சில ஆண்டுகள் மங்கலாக்கியது, அவ்வளவே. சிறுமியின் மூளைக்கு அந்தப் பழக்கமே வாய்க்கவில்லை.

இந்தக் கேள்வியை முதன்முதலில் கூர்மையாக எழுப்பியவர் மருத்துவர் அல்லர். டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ என்பவர் ஒளியியலில் ஆர்வம் கொண்ட அறிஞர். அவருடைய மனைவி திருமணமான சில மாதங்களிலேயே பார்வையை இழந்தவர். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் ஒரே உலோகத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் செய்யப்பட்ட கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டுத் தொட்டுப் பிரித்தறியப் பழகியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் திடீரெனப் பார்வை கிடைத்தால், மேசைமீது இருக்கும் அவ்விரண்டையும் தொடாமல், பார்த்த மாத்திரத்திலேயே எது கோளம், எது கனசதுரம் என்று சொல்லிவிடுவாரா? 1688இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கிற்கு எழுதிய கடிதத்தில் மாலினோ இதைக் கேட்டார், பதில் வரவில்லை. 1693இல் மீண்டும் எழுதினார். மனித அறிவைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694இல், லாக் இக்கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். முடியாது என்பதே மாலினோ, லாக் இருவரின் விடையும். பின்னர் தத்துவவாதி பார்க்லியும் அந்தப் பக்கமே நின்றார். ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் மட்டும், எதிரே இருப்பவை அந்த இரு பொருட்கள்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், கோளத்தில் முனைகள் இல்லை, கனசதுரத்தில் 8 முனைகள் உண்டு என்ற வடிவ அறிவைக் கொண்டு யோசித்துச் சொல்லிவிட முடியும் என்று வாதிட்டார்.

வாதம் நெடுங்காலம் வாதமாகவே இருந்தது. 1728இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசெல்டன் வெளியிட்ட குறிப்புதான் முதல் விரிவான சான்று. அவரிடம் வந்த 13 வயதுச் சிறுவன் பிறவியிலிருந்தோ மிகச் சிறு வயதிலிருந்தோ புரையால் பார்வை மறைக்கப்பட்டவன். பகல் இரவும் அழுத்தமான சில நிறங்களும் மட்டும் தெரியும். கலங்கிய லென்ஸைக் கூரிய கருவியால் அழுத்திக் கண்ணுக்குள் கீழே தள்ளிவிடும் முறையில், அதாவது நம் நாட்டில் சுசுருத சங்கிதை விவரிக்கும் அதே வகை முறையில், செசெல்டன் அவனுக்குப் பார்வை வரவழைத்தார். முதலில் அவனால் எந்த வடிவத்தையும் இன்னது என்று சொல்ல முடியவில்லை. தொட்ட பொருள் தோலில் படுவதுபோல, பார்த்த பொருளெல்லாம் கண்ணில் வந்து படுவதாக அவன் நினைத்தான். நாய் எது, பூனை எது என்பது அடிக்கடி மறந்துபோனது. மீண்டும் மீண்டும் கேட்க வெட்கப்பட்டுப் பூனையைப் பிடித்துக் கையால் தடவி உறுதி செய்துகொண்டு, இனி உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று அதனிடமே சொல்லி விட்டானாம். சுவரில் தொங்கும் ஓவியங்கள் கனமுள்ள பொருட்களைக் காட்டுகின்றன என்பது ஏறக்குறைய 2 மாதங்களுக்குப் பிறகே அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் ஓவியத்தைத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் தட்டையாகவே இருந்தன. பொய் சொல்வது பார்வையா, தொடுகையா என்று அவன் கேட்டதாகச் செசெல்டன் பதிவு செய்திருக்கிறார். என்னைப் பொறுத்தவரை, மாலினோவின் கேள்விக்குத் தத்துவவாதிகள் எழுதிக் குவித்த பக்கங்களைவிட இந்தச் சிறுவனின் கேள்வி ஆழமானது.

ஆனால் இத்தகைய பழைய சான்றுகளை அப்படியே நம்பிவிடவும் முடியாது. செசெல்டனுக்குப் பின் இரு நூற்றாண்டுகளில் இப்படிப்பட்ட பலரின் வரலாறுகள் எழுதப்பட்டன. 1932இல் மாரியஸ் ஃபான் செண்டன் அவற்றைத் திரட்டி ஒரு நூலாகவே வெளியிட்டார். அவர்களுள் பலருக்கு அறுவைக்கு முன் எவ்வளவு பார்வை இருந்தது என்பதற்குச் சரியான அளவீடு கிடையாது. அறுவை முடிந்த கண்ணில் லென்ஸ் இல்லை. தக்க கண்ணாடி இல்லாமல் அவர்கள் கண்டது கலங்கிய பிம்பத்தைத்தான். கேள்வி கேட்ட மருத்துவர்களோ பெரும்பாலும் விடையை முன்பே மனத்தில் வைத்திருந்தவர்கள்.

இந்தக் குறைகள் குறைவாக உள்ள ஒரு வழக்கை 1963இல் ரிச்சர்ட் கிரிகரியும் ஜீன் வாலஸும் வெளியிட்டார்கள். எஸ்.பி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட அந்த ஆங்கிலேயர் 10 மாதக் குழந்தையாக இருந்தபோது பார்வையை இழந்தவர்; 52ஆம் வயதில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை பெற்றார். அவரிடம் கண்டவை எதிர்பார்ப்பைக் கலைத்தன. மருத்துவமனைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்ததும் அவரால் மணி சொல்ல முடிந்தது. ஏனெனில் கண்ணாடி நீக்கிய கைக்கடிகாரத்தின் முள்களைத் தொட்டு மணி பார்த்துப் பழகியவர் அவர். ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் படித்தார்; பார்வையற்றோர் பள்ளியில் அவ்வெழுத்துகளை மரக்கட்டைகளில் தடவிக் கற்றிருந்தார். சிறிய எழுத்துகளைக் கைகளால் கற்றதில்லை, கண்ணாலும் படிக்க முடியவில்லை. ஆக, தொடுகையில் பெற்ற அறிவு பார்வைக்குக் கடக்கவே கடக்காது என்ற லாக்கின் கணக்கு இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை.

அதே மனிதர் மருத்துவமனையின் மாடி ஜன்னலில் இருந்து தரையைப் பார்த்து, கைகளால் பிடித்துத் தொங்கினால் கால் எட்டிவிடும் தொலைவுதான் என்று நினைத்தார். தொட்டுப் பழகிய தொலைவுகளை, அதாவது மேசை நாற்காலிகளின் தொலைவை, அவரால் ஓரளவு சரியாகக் கணிக்க முடிந்தது. தொட வாய்ப்பே இல்லாத உயரம் மட்டும் பிடிபடவில்லை. பேருந்தை வரையச் சொன்னால் பக்கவாட்டையும் படிக்கட்டையும் வரைந்தார். கைபடாத முன்பகுதியை விட்டுவிட்டார். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு கடைசல் இயந்திரத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே விட்டுத் தொடச் செய்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆவலோடு தடவினார். பிறகு சற்றுப் பின்வாங்கிக் கண்ணைத் திறந்து, தொட்டுவிட்டதால் இப்போது அதைப் பார்க்க முடிகிறது என்றார். பார்வையற்றவராக இருந்தபோது வாகன நெரிசலுக்கு நடுவே துணிவோடு சாலையைக் கடந்து வந்தவர், பார்வை வந்த பிறகு கடக்க நடுங்கினார். செருப்புத் தைத்துப் பிழைத்து, தம் திறமையில் பெருமை கொண்டிருந்த அவர், பார்வையுள்ளவர்களின் உலகில் தாம் எல்லாவற்றிலும் பின்தங்கியவர் என்ற எண்ணத்தில் சோர்ந்துபோனார். 1960இல் காலமானார்.

எஸ்.பி.யின் மூளையில் என்ன நடந்திருக்கும் என்பதற்கான விளக்கம் அதே 1963இல் வேறொரு திசையிலிருந்து வரத் தொடங்கியது. ஹார்வர்டில் டேவிட் ஹூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையை முதல் சில மாதங்கள் தைத்து மூடி வைத்துப் பின்னர் திறந்தார்கள். கண்ணில் குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் இல்லை. ஆனால் பார்வைப் புறணியின் செல்களில் பெரும்பாலானவை மூடப்பட்டிருந்த கண்ணிலிருந்து வரும் சமிக்ஞைக்குப் பதில் தருவதை நிறுத்திவிட்டன. வளர்ந்த பூனையின் கண்ணை அதைவிட நீண்ட காலம் மூடினாலும் இந்த விளைவு இல்லை. குட்டியின் ஒன்றாவது மாதத்தை ஒட்டிய நாட்களிலோ ஒருசில நாட்கள் மூடினாலே போதுமானதாக இருந்தது. மூளை வெளியுலகத்துக்கு ஏற்பத் தன் இணைப்புகளை அமைத்துக்கொள்ளும் இந்தக் கட்டாயக் காலத்தைக் கண்டுபிடித்ததும் அவர்களுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைக்கக் காரணமான பணிகளுள் ஒன்று.

அவர்கள் கண்ட இன்னொரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. மருத்துவத்துக்கு அதுவே முக்கியமானது. இரு கண்களையும் மூடினால் விளைவு இரண்டு மடங்காக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். உண்மையில் ஒரு கண்ணை மட்டும் மூடியபோது அக்கண்ணுக்கு நேர்ந்த அளவு இழப்பு, இரண்டையும் மூடியபோது நேரவில்லை. ஒரு வயலுக்கு இரு வாய்க்கால்கள் இருந்து ஒன்றில் மட்டும் நீர் வந்தால், அந்த வாய்க்காலே முழு வயலையும் எடுத்துக்கொள்வதைப் போல, திறந்திருக்கும் கண்ணின் நரம்பிழைகள் மூடிய கண்ணுக்குரிய இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. இழப்பின் பெரும்பகுதி வெறும் பயன்பாடின்மையால் வருவதன்று; இரு கண்களுக்கும் இடையிலான போட்டியால் வருகிறது. குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் புரை இருப்பது, பெற்றோர் நினைப்பதைப் போலப் பாதி ஆபத்து அன்று. மற்றொரு கண்ணால் குழந்தை எல்லாவற்றையும் பார்த்துச் சிரிப்பதால் குறை வெளியே தெரிவதில்லை. உள்ளே மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு கண்ணில் அடர்ந்த பிறவிப் புரை இருந்தால் ஏறக்குறைய 6 வார வயதுக்குள்ளும், இரு கண்களிலும் இருந்தால் சுமார் 8 முதல் 10 வாரங்களுக்குள்ளும் அறுவை செய்துவிட வேண்டும் என்று குழந்தைக் கண் மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவே அடிப்படை.

வாரக் கணக்கில் பேசப்படும் இந்த மருத்துவம், பத்து, பதினைந்து வயதில் முதன்முறையாக மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்ன தரும் என்பது வேறு கேள்வி. எப்படியும் பயனில்லை என்ற கருத்து மருத்துவர்கள் பலரிடம் நிலவியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டம் இக்கருத்தைச் சோதனைக்கு உட்படுத்தியது. வட இந்தியக் கிராமங்களில் சிகிச்சை பெறாமல் வளர்ந்த பிறவிக் கண்புரைப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, டெல்லியில் உள்ள டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்வித்து, அவர்களின் பார்வை எவ்வாறு உருவாகிறது என்பதைத் தொடர்ந்து கவனிப்பதே அதன் முறை. சேவையையும் ஆய்வையும் இப்படிப் பிணைப்பது பற்றி நியாயமான ஐயங்கள் எழக்கூடும். ஆனால் அந்தப் பிள்ளைகளுள் பெரும்பாலோரை வேறு எவரும் தேடிப் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2011இல் இக்குழுவினர் மாலினோவின் கேள்வியை நேரடியாகவே சோதித்து முடிவை வெளியிட்டார்கள். 8 முதல் 17 வயது வரையிலான 5 பேர். அறுவை முடிந்து 2 நாட்களுக்குள் சோதனை. குழந்தைகள் விளையாடும் கட்டைகளைப் போன்ற 20 ஜோடி வடிவங்கள். ஒரு வடிவத்தைத் தொட்டுவிட்டு, பிறகு இரண்டைத் தொட்டு அதை அடையாளம் காண்பதில் சராசரியாக 98 விழுக்காடு சரியாக இருந்தது. பார்த்ததைப் பார்வையால் அடையாளம் காண்பதில் 92 விழுக்காடு. எனவே கட்டைகள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தொட்டதைப் பார்வையால் அடையாளம் காணச் சொன்னபோது மட்டும் 58 விழுக்காடு, அதாவது குருட்டாம்போக்கில் சொன்னாலும் கிடைக்கக்கூடிய அளவுக்குச் சற்றே மேல். லாக்கும் மாலினோவும் சொன்ன விடையே சரி என்று தோன்றியது. ஆனால் மறுபடியும் சோதிக்கக் கிடைத்த பிள்ளைகளிடம், தனிப் பயிற்சி எதுவும் இல்லாமலேயே, ஒரு வாரத்துக்குள் கூட இத்திறன் பெரிதும் கூடியிருந்தது. அன்றாட வாழ்க்கையில் கை தொடுவதையும் கண் காண்பதையும் மூளை இவ்வளவு வேகமாக இணைத்துக்கொள்கிறது என்றால், அந்த இணைப்புக்கான ஏற்பாடு பிறவியிலிருந்தே காத்திருந்தது என்றுதான் கருத வேண்டியிருக்கிறது. இச்சோதனைக்கும் எதிர்வாதம் உண்டு: பார்த்ததைப் பார்த்துப் பொருத்துவதற்கு விளிம்புகளின் ஒற்றுமையே போதும், பொருளை முப்பரிமாண வடிவமாக அவர்கள் கண்டார்கள் என்பதற்கு 92 என்ற எண் சான்றாகாது. வடிவமே முழுதாகத் தெரியாதபோது, தொடுகையோடு அது பொருந்தவில்லை என்பதில் வியப்பில்லை என்பது அவ்வாதத்தின் சாரம். எனக்கு இது வலுவானதாகவே தெரிகிறது.

ஏனெனில் அதே குழுவின் வேறொரு ஆய்வு, புதிதாகப் பார்வை பெற்றவர்களுக்கு முதலில் தெரிவது பொருள்களல்ல, துண்டுகளே என்று காட்டுகிறது. ஒன்றன்மேல் ஒன்று பாதி படிந்திருக்கும் இரு சதுரங்களைக் காட்டினால் நாம் இரண்டு என்போம். அவர்கள் மூன்று என்கிறார்கள், ஏனெனில் படிந்த பகுதியும் அவர்களுக்குத் தனி உருவம். தரையில் கிடக்கும் பந்தின் படத்தைக் காட்டினால் பந்து ஒன்று, நிழல் இன்னொன்று என எண்ணுகிறார்கள். நிறமோ வெளிச்சமோ மாறும் இடமெல்லாம் புதுப்பொருளின் எல்லையாகிவிடுகிறது. ஆனால் அந்தச் சதுரங்களுள் ஒன்றை அசைத்தவுடன் நிலைமை மாறுகிறது: சேர்ந்து நகரும் பகுதிகள் ஒரே பொருள் என்று உடனே கண்டுகொள்கிறார்கள். அசைவுதான் அவர்களின் முதல் ஆசான். காலப்போக்கில், அசையாத படங்களையும் அவர்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது; அதிலும் முதலில் அடையாளம் கண்டவை, உலகில் அடிக்கடி நகர்ந்து அவர்கள் பார்த்திருக்கக்கூடிய பொருள்களையே. பிறந்த குழந்தை தொட்டிலுக்கு மேலே ஆடும் பொம்மையை விழி அகலப் பின்தொடர்வதையும் இத்தோடு சேர்த்தே புரிந்துகொள்ளலாம்.

எல்லாமே கற்றுத்தான் வருகிறது என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அதுவும் தவறாகும். சம நீளமுள்ள இரு கோடுகளின் முனைகளில் அம்புக்குறிகளை எதிரெதிர்த் திசையில் வரைந்தால் ஒன்று நீளமாகத் தெரியும். தண்டவாளம்போல் குவிந்து செல்லும் கோடுகளுக்கு நடுவே வரைந்த சமமான இரு கோடுகளில் மேலே இருப்பது பெரிதாகத் தெரியும். முப்பரிமாண உலகில் நீண்ட காலம் வாழ்ந்து பழகியதால்தான் நாம் இப்படி ஏமாறுகிறோம் என்பது பாடநூல்கள் சொல்லிவந்த விளக்கம், எஸ்.பி.யும் இத்தகைய மாயத் தோற்றங்களில் அவ்வளவாக ஏமாறவில்லை. ஆனால் 2015இல் பிரகாஷ் திட்டத்தினர் 9 பிள்ளைகளிடம் அறுவை முடிந்த உடனேயே சோதித்தபோது, அவர்களும் நம்மைப் போலவே ஏமாந்தார்கள். அனுபவத்தின் விளைவு என்று நம்பப்பட்ட ஒன்று, அனுபவமே இல்லாத கண்களில் முதல் நாளிலேயே இருந்தது. எது உடன்பிறந்தது, எது பழகிப் பெறுவது என்று முன்கூட்டி யூகிப்பதில் நாம் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்லர்.

தாமதமான சிகிச்சையால் பயனே இல்லை என்ற கருத்தும் நிற்கவில்லை. 2014இல் வெளியான ஆய்வில், 8 வயதுக்குப் பின் அறுவை செய்யப்பட்ட 11 பேருள் 5 பேருக்கு, அடுத்தடுத்த ஒளி வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறன் மாதங்கள் செல்லச் செல்ல உயர்ந்தது. மற்ற 6 பேருக்கு அப்படி உயரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. நுட்பமான பார்வை எவருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை. எழுத்தட்டையின் கடைசி வரிகள் அவர்களுக்கு எட்டாதவை. முகமா, முகமல்லாத ஒன்றா என்று பிரித்தறிவது வந்துவிடுகிறது. இது யாருடைய முகம் என்பதுதான் கடைசிவரை தகராறு செய்கிறது. 3 வயதில் பார்வையிழந்து, 2000ஆம் ஆண்டில் 46ஆம் வயதில் பார்வை பெற்ற அமெரிக்கர் மைக் மேயைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும், அசைவை அவர் நம்மைப் போலவே கண்டார். முகங்களையும் முப்பரிமாணத் தோற்றத்தையும் கண்டுகொள்வதில் திணறினார்.

முகத்துக்கும் மூளைக்கும் உள்ள இந்த உறவைக் கனடாவின் டாப்னே மோரரும் டெரி லூயிஸும் வேறொரு பக்கத்திலிருந்து ஆராய்ந்தார்கள். அவர்களிடம் வந்தவர்கள் தாமதித்தவர்கள் அல்லர். பிறவிப் புரைக்குப் பிறந்த 2 முதல் 6 மாதங்களுக்குள் அறுவை செய்யப்பட்டு, அதன்பின் பல ஆண்டுகள் நன்றாகப் பார்த்து வளர்ந்தவர்கள். கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வடிவத்தை மாற்றிய முகங்களை அவர்களால் மற்றவர்களைப் போலவே பிரித்தறிய முடிந்தது. அவற்றுக்கு இடையிலான இடைவெளியை மட்டும் சற்று மாற்றிய முகங்களில் அவர்கள் தடுமாறினார்கள். முதல் மாதங்களில் குழந்தையின் பார்வை மிகவும் மங்கலானது. அந்த மங்கலில் அது காண்பதெல்லாம் இரு கருந்திட்டுகளும் அவற்றின் கீழே ஒரு திட்டும் மட்டுமே. ஆயினும், ஆண்டுகள் கழித்து ஒரு முகத்தை இன்னொரு முகத்திலிருந்து நுட்பமாகப் பிரித்தறியும் திறனுக்கு அந்த மங்கலான காட்சியே அடித்தளம் என்பதுதான் இதன் பொருள். மூளை பார்வைக்காக எவ்வளவு ஆவலாகக் காத்திருக்கிறது என்பதையும் இதே குழு 1999இல் காட்டியது: அறுவைக்குப் பின் கைக்குழந்தைகளுக்குக் காண்டாக்ட் லென்ஸ் பொருத்திய உடன் பார்வைக் கூர்மை பிறந்த குழந்தையினுடையதாகவே இருந்தது, ஒரு மணி நேரம் விழித்துப் பார்த்த பிறகு அளந்தால் அது கூடியிருந்தது.

மங்கலாகத் தொடங்குவது குறையன்று, நன்மையாகவும் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அண்மையில் இன்னொரு சான்றும் சேர்ந்திருக்கிறது. பிறந்த குழந்தைக்கு நிறங்கள் சரிவரத் தெரிவதில்லை. அதனால் வெளிச்ச வேறுபாட்டை மட்டும் நம்பிப் பொருள்களை அடையாளம் காண மூளை முதலில் பழகிக்கொள்கிறது. பிரகாஷ் பிள்ளைகள் கண் திறந்தபோதோ அவர்களின் விழித்திரை முதிர்ந்துவிட்டிருந்தது. முதல் நாளிலிருந்தே முழு நிறங்களும் கிடைத்தன. வண்ணப் படங்களில் பொருள்களை நன்றாக அடையாளம் கண்ட அவர்கள், அவற்றையே கறுப்பு வெள்ளையில் காட்டியபோது நம்மைவிட மிக அதிகமாகத் தடுமாறினார்கள் என்று 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கணினி நரம்பு வலையமைப்புகளுக்கு முதலில் கறுப்பு வெள்ளைப் படங்களையும் பிறகு வண்ணப் படங்களையும் கொடுத்துப் பழக்கியபோது, தொடக்கத்திலிருந்தே வண்ணம் பார்த்தவற்றைவிட அவை உறுதியாகச் செயல்பட்டன.

இத்தனை ஆய்வுகளும் சுட்டும் இடம் பிரசவ அறை. குழந்தை ஏன் புரையோடு பிறக்கிறது என்பதற்குப் பாதி வழக்குகளில் காரணம் தெரிவதில்லை. பரம்பரை ஒரு காரணம். கர்ப்பத்தின் முதல் 3 மாதங்களில் தாய்க்கு வரும் ரூபெல்லா என்ற தொற்றுக் காய்ச்சல் இன்னொன்று. சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் 1941இல் பிறவிப் புரையுள்ள 78 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, அவர்களுள் பெரும்பாலோரின் தாய்மார்களுக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் இந்தக் காய்ச்சல் வந்திருந்ததைக் கண்டறிந்தார். தாய்க்கு இரண்டு மூன்று நாள் தடிப்பும் லேசான காய்ச்சலுமாகப் போய்விடும் நோய், கருவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் தாக்குகிறது. தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான எம்.ஆர். தடுப்பூசியை இந்திய அரசு 2017 பிப்ரவரியில் முதல் கட்டமாக அறிமுகப்படுத்திய பகுதிகளில் தமிழ்நாடும் புதுச்சேரியும் அடங்கும். 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு அது போடப்பட்டது. வாட்ஸப்பில் பரவிய வதந்திகளை நம்பிப் பல பெற்றோர் அப்போது தயங்கினார்கள் என்பது நினைவிருக்கலாம். கண் மருத்துவமனைக்கும் அந்தத் தடுப்பூசிக்கும் இருந்த தொடர்பை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள் குறைவு.

புரையோடு பிறந்துவிட்ட குழந்தையைக் கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சற்று இருட்டான அறையில் கண் பரிசோதனை விளக்கைக் குழந்தையின் கண்ணுக்குள் பாய்ச்சினால், விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளியால் கண்மணி செம்மையாக ஒளிர வேண்டும்; ஒரு கண்ணில் மங்கலாகவோ வெண்மையாகவோ தெரிந்தால் உடனே கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வெண்மைக்குக் காரணம் புரையாக இல்லாமல் விழித்திரைப் புற்றுநோயாக இருந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதில் நாள் கடத்த இடமில்லை. பிளாஷ் போட்டு எடுத்த கைபேசிப் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்ததைப் பெற்றோரே கவனித்துக் கொண்டுவந்த குழந்தைகளும் உண்டு. இரு கண்ணிலும் அடர்ந்த புரை இருந்து இரண்டு மூன்று மாதங்கள் கடந்துவிட்டால் விழிகள் நிலைகொள்ளாமல் ஆடத் தொடங்குகின்றன. மூளை காத்திருந்து சலித்ததன் அடையாளம் அது. பல வீடுகளில் அந்த ஆட்டத்தைக் கண்ட பிறகுதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

கண்புரை மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெயர் உண்டு. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1992இல் அதன் பகுதியாக உருவாகிக் குறைந்த விலையில் செயற்கை லென்ஸ் தயாரித்த ஆரோலேபும் உலகம் அறிந்தவை. ஆனால் முகாமில் கண்டறிந்து, பேருந்தில் அழைத்துவந்து, அறுவை செய்து, ஓரிரு நாட்களில் திருப்பி அனுப்பும் ஏற்பாடு முதியவர்களுக்கானது. குழந்தைக்கு முழு மயக்க மருந்து வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற மயக்கவியல் மருத்துவர் வேண்டும். பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளமே உள்ளது; வளர்ந்தபின் அது 24 மில்லிமீட்டரை நெருங்கும். இன்று பொருத்தும் லென்ஸின் சக்தி இரண்டு ஆண்டுகளில் பொருந்தாது. லென்ஸின் பின்னுறை மீண்டும் படலமாகக் கலங்குவதும் குழந்தைகளிடமே அதிகம். ஒரு கண்ணில் புரையோடு 7 மாதம் நிறையும் முன்பே அறுவை செய்யப்பட்ட 114 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், உடனே செயற்கை லென்ஸ் வைத்தவர்களுக்கும் காண்டாக்ட் லென்ஸ் போட்டு வளர்ந்தவர்களுக்கும் பார்வையில் வேறுபாடு இல்லை. உடனே லென்ஸ் வைத்தவர்களுக்கே மேலும் மேலும் அறுவை தேவைப்பட்டது.

அறுவை முடிந்தபின் தொடங்கும் வேலை பெற்றோருடையது. நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடி, மூளை கைவிடத் தொடங்கிய கண்ணைக் கட்டாயமாகப் பார்க்க வைப்பதுதான் அந்த வேலையின் மையம். மாறுகண்ணாலோ இரு கண்களின் பவர் வேறுபாட்டாலோ வரும் மிதமான சோம்பேறிக் கண்ணுக்கு, அதாவது மூளை ஒரு கண்ணைப் புறக்கணிப்பதால் அதன் பார்வை குன்றும் நிலைக்கு, 3 முதல் 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் நாளுக்கு 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஒரே பலனைத் தந்ததாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறவிப் புரையின் கண்ணுக்கு அதைவிட நீண்ட, விடாப்பிடியான உழைப்பு வேண்டும். நன்றாகத் தெரியும் கண்ணை மூடினால் குழந்தை அழும், ஒட்டைப் பிய்த்து எறியும். பாட்டி பாவம் என்பார். தடித்த கண்ணாடி போட்ட பெண் குழந்தையைப் பார்த்து உறவினர்கள் கல்யாணக் கவலை பேசுவார்கள். ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்த்தால், மூன்றாவது மறுபரிசோதனையோடு வருகை நின்றுபோவதும் நடக்கிறது. கண்ணாடியை மாற்ற வேண்டிய மாதத்தில் அதே பழைய கண்ணாடியோடு குழந்தை தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்கார்ந்திருந்தால், மூளை அந்த மங்கல் பிம்பத்துக்கு ஏற்பவே தன் இணைப்புகளை அமைத்துக்கொண்டிருக்கும். அந்த வேலை பெரும்பாலும் 7, 8 வயதுக்குள் முடிந்துவிடுகிறது.